தாம்பரத்தில் கோலம் கணினிக்குள் போன கதை

கோடை விடுமுறை நெருங்கினால் நம் வாட்சப் குழுவில் வரும் முதல் கேள்வி, “பசங்களுக்குக் கோடிங் கிளாஸ் எங்கே நல்லா இருக்கு?” என்பதுதான். இந்த வருடம் கம்யூனிட்டி ஹாலிலேயே ஒரு வகுப்பு வைக்கலாமா என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. இந்த வகுப்புகளில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது பெரும்பாலும் படம் வரைவதைத்தான். திரையில் ஒரு பூனையோ ஆமையோ நிற்கும். “பத்து அடி முன்னே போ, வலப்பக்கம் திரும்பு” என்று கட்டளை கொடுத்தால் அது கோடு போட்டுக்கொண்டே நகரும். சதுரம் வரும், நட்சத்திரம் வரும், பூ வரும். கணக்கென்றாலே ஓடும் பிள்ளைகூட அரை மணி நேரத்தில் ஒரு நிரல் எழுதிவிடும். நல்ல வழிதான்.

‘நம் வட்டாரம்’ பகுதியில் ஏரி, ரயில், சந்தை என்று எழுதிவந்தோம். இந்த முறை கணினி. காரணம், படம் வரைந்து நிரல் கற்கும் இந்த வழியின் வரலாற்றில் தாம்பரத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுதப்பட்ட ஆய்வு நூல்களில் அது பதிவாகியிருக்கிறது. இங்கே இருக்கும் நமக்குத்தான் அதிகம் தெரியாது.

கதை தொடங்குவது சென்னை கிறித்துவக் கல்லூரியில். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளில், 1937-இல், ஜார்ஜ் டவுனில் இருந்த அந்தக் கல்லூரி சேலையூர் பக்கத்துக் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. அந்த வளாகத்தில் 1970-களில் ஒரு தம்பதியர் பணியாற்றினார்கள். கணவர் கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் துறைத் தலைவர். மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். கிஃப்ட் சிரோமணி ஒரே துறைக்குள் அடங்காதவர். சிந்துவெளி எழுத்து, பிராமிக் கல்வெட்டு, பறவைகள், அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காணும் முறை என்று அவர் தொட்ட விஷயங்களின் பட்டியல் நீளம். ராணி சிரோமணியின் துறை ஒன்றுதான், ஆனால் ஆழமானது. முறைசார் மொழிகள் என்று சொல்லலாம். கணினியியலின் அஸ்திவாரங்களில் ஒன்று அது. இந்தியாவில் அதை முதலில் எடுத்துச் செய்தவர்களில் அவர் ஒருவர்.

அந்தத் துறை என்னவென்று தெரிந்தால்தான் மேலே போக முடியும். பள்ளியில் படித்த இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம். வாக்கியம் என்றால் எழுவாய், பிறகு பயனிலை. எழுவாய் இருக்கும் இடத்தில் ‘கண்ணன்’ என்று போடலாம், ‘மாடு’ என்றும் போடலாம். பயனிலை இடத்தில் ‘வந்தான்’, ‘மேய்ந்தது’. இப்படி ‘இதற்குப் பதில் இதைப் போடு’ என்ற சில விதிகளைக் கொண்டே கணக்கில்லாத வாக்கியங்களை உண்டாக்கலாம். 1950-களில் நோம் சாம்ஸ்கி இந்த எண்ணத்துக்குக் கணித வடிவம் கொடுத்தார். சில ஆண்டுகளில் கணினிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அல்கால் 60 என்ற நிரல்மொழியின் இலக்கணமே இப்படிப்பட்ட பதிலீட்டு விதிகளால்தான் எழுதப்பட்டது.

வாக்கியம் ஒரு வரிசை. எழுத்துக்குப் பின் எழுத்து. படமோ மேலும் கீழும் பக்கவாட்டிலும் பரவுகிறது. படத்துக்கு இலக்கணம் எழுத முடியுமா? 1960-களிலேயே இதைக் கேட்டவர்கள் உண்டு. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தின் டிஃப்ராக் கணினியில் உழைத்த ஆர். நரசிம்மன், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அணுத்துகள் பாதைகளின் புகைப்படங்களை இலக்கண விதிகளால் விவரிக்க முயன்றார். தாம்பரத்தில் ராணியும் கிஃப்ட்டும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, எழுத்து வரிசைக்குப் பதில் கட்டம் கட்டமான அடுக்குகளை உண்டாக்கும் இலக்கணங்களை வகுத்தார்கள். அந்தக் கட்டுரை 1972-இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட கணினி வரைகலை ஆய்விதழுக்கு அதுதான் முதல் ஆண்டு. உலகத்திலேயே கணினி வரைகலை அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது.

அதே இதழில் 1974-இல் மூவரும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பிலேயே ‘கோலம்’ என்ற நம் சொல் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அணுத்துகள் படத்தை விட்டு அவர்கள் வாசலைப் பார்த்தார்கள். யோசித்தால் இதைவிடப் பொருத்தமான சோதனைப் பொருள் கிடைத்திருக்காது. புள்ளி வைத்துப் போடும் கோலம் ஏற்கெனவே கட்டம் கட்டமானது. அதற்கு விதி இருக்கிறது. சின்னதைக் கற்றவர் அதே விதியால் பெரிதையும் போட்டுவிடுவார். மார்கழியில் 7 புள்ளியில் போட்டதைப் பொங்கலுக்கு 15 புள்ளியாக விரிக்க யாரும் புதுப் பாடம் படிப்பதில்லை. ஒரு படம், ஒரு விதி, முடிவில்லாத குடும்பம். ராணி சிரோமணியின் துறை தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

கோலங்களை அவர்கள் தரம் பிரித்த விதமும் சுவையானது. வாசற்படி ஓரத்தில் போடும் பார்டர் கோலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இழுக்கலாம், எதையும் நினைவில் வைக்க வேண்டாம். நேர்ப்புள்ளி அப்படியல்ல. 1, 3, 5, 7 என்று ஏறினால் 5, 3, 1 என்று அதே கணக்கில் இறங்க வேண்டும். எத்தனை ஏறினோம் என்பது போடுகிறவர் நினைவில் இருக்க வேண்டும். திறந்த அடைப்புக்குறிகள் எத்தனையோ அத்தனையையும் மூட வேண்டும் என்று நிரல் எழுதுகிறவர்கள் கவலைப்படுவார்களே, அதே கவலை. சாம்ஸ்கி வகுத்த இலக்கணப் படிநிலையில் இவை இரண்டும் வெவ்வேறு படிகள். பார்டரையும் பெரிய கோலத்தையும் போட்ட நம் பாட்டிகள் அந்த இரண்டு படிகளையும் கையாலேயே கடந்தவர்கள்.

என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1974-இன் இலக்கணம் கோலம் எப்படி இருக்கிறது என்பதைச் சரியாகச் சொன்னது. எந்தக் கட்டத்தில் எந்த வளைவு என்று கட்டம் கட்டமாக நிரப்பியது. ஆனால் யாராவது கோலத்தை அப்படிப் போடுவார்களா? சிக்குக் கோலம் போடுகிறவரின் கை புள்ளியைச் சுற்றி, இரண்டு புள்ளிக்கு நடுவே நுழைந்து, திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது. கிஃப்ட் சிரோமணி புத்தகத்தோடு நிற்கவில்லை. கோலம் போடும் பெண்களைப் பார்த்தும் கேட்டும் ஆராய்ந்தார். அவர்கள் ஒரு கோலத்தை நினைவில் வைப்பது கட்டங்களாக அல்ல, நகர்வுகளாக. நேரே போ, வலப்பக்கம் வளை, இடப்பக்கம் வளை, புள்ளியை முழுக்கச் சுற்றித் திரும்பு. சங்கீதத்தில் ஸ்வரக் கோவையை மனப்பாடம் செய்வது போல, இந்த நகர்வுக் கோவைகள் கையில் ஏறிவிடுகின்றன. சிரோமணி தம்பதியர் 1980-களில் எழுதிய கம்பிக் கோலக் கட்டுரைகள் இந்த நகர்வுகளை வைத்தே அமைந்தன. அவற்றில் ஒன்று 1986-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வரங்கில் இடம்பெற்றது.

அதாவது, ஆய்வாளர்கள் இலக்கணம் எழுதினார்கள், பிறகு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் அதைத் திருத்திக்கொண்டார்கள். கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் அந்தப் பெண்கள் இல்லை. இருந்தாலும் ‘நகர்வு’ என்ற கருத்து அவர்கள் கையிலிருந்து வந்ததுதான்.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் இதே சொற்கள் வேறு காரணத்துக்காகப் புழங்கிக்கொண்டிருந்தன. 1967-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாலி ஃபர்சைக், சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அதில் ஆமை வந்து சேர்ந்தது. முதலில் தரையில் ஊரும் இயந்திர ஆமை, பிறகு திரையில் முக்கோண ஆமை. ‘முன்னே போ, வலப்பக்கம் திரும்பு.’ பாப்பர்ட் 1980-இல் எழுதிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் சொன்ன காரணம் எளிது. குழந்தை தானே ஆமையாகி நடந்து பார்க்கலாம். வட்டத்தின் சமன்பாடு தெரியாத குழந்தைக்கும் ‘கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, இதையே செய்துகொண்டிரு’ என்றால் வட்டம் புரியும். உடம்புக்குப் புரிந்தது பிறகு மனத்துக்குப் புரியும்.

நம்மில் சிலருக்கு அந்த முக்கோண ஆமை நேரடிப் பழக்கம். 1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கி பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. பின்னர் பல பள்ளிகளில் கணினி வகுப்பு என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய் லோகோ ஆமையை நகர்த்துவது என்றாயிற்று. ஏசி கணினிக்கு, நமக்கல்ல! இன்று பைத்தான் மொழியில் ஆமைக்கென்றே ஒரு தொகுதி இருப்பதும், 2007-இல் வந்த ஸ்கிராட்ச்சில் பூனை நடப்பதும் லோகோவின் வழிதான். படக் கலைஞர்களுக்காக 2001-இல் பிறந்த பிராசஸிங், அதைப் பின்பற்றி 2013-இல் லாரன் மெக்கார்த்தி தொடங்கிய பி5 ஆகியவை கொஞ்சம் வேறு பாதை. அவற்றிலும் முதல் வரி எழுதிய உடனே திரையில் ஒரு கோடு தெரிய வேண்டும் என்பதுதான் கொள்கை.

பாப்பர்ட்டின் ஆமையும் தாம்பரத்துக் கோலமும் சந்தித்த இடம் கனடா. 1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மயர் என்ற உயிரியலாளர் செடி வளர்வதை விவரிக்கப் பதிலீட்டு விதிகளைப் பயன்படுத்தினார். ஒரு மொட்டுக்குப் பதில் ஒரு கிளையும் இரண்டு மொட்டும், மறுபடி அந்த மொட்டுகளுக்குப் பதில் அதே. 1983-இல் ராணி சிரோமணியும் கே.ஜி. சுப்பிரமணியனும் இந்த வகை விதிகளால், ஓர் இடத்தை முழுக்க நிரப்பிச் செல்லும் வளைகோடுகளை உண்டாக்கலாம் என்று காட்டினார்கள். 1986-இல் ரெஜைனா பல்கலைக்கழகத்தில் இருந்த பிரெமிஸ்லாவ் புருசின்கீவிச், லிண்டன்மயர் விதிகள் உண்டாக்கும் நீண்ட எழுத்துச் சரத்தை லோகோ ஆமைக்கான கட்டளைகளாகப் படித்தார். செடிகள் வந்தன, மரங்கள் வந்தன, சிரோமணிகள் எழுதிய கோலங்களும் வந்தன. அவற்றில் ஒன்றை ஆங்கில ஆய்வேடுகள் கிருஷ்ணனின் கால்கொலுசு என்ற பொருள் தரும் பெயரில் குறிக்கின்றன. 2002-இல் மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கோல மரபைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதினார். அதிலும் சென்னைக் குழுவின் பணிதான் நடுவில் நிற்கிறது.

அந்தக் கால்கொலுசை நம் வீட்டுத் தரையிலேயே நடந்து பார்க்கலாம், கணினி வேண்டாம். மூன்றுக்கு மூன்று, ஒன்பது டைல்ஸ் உள்ள இடம் போதும். மேல் இடது மூலையில் வலப்பக்கம் பார்த்து நில்லுங்கள். டைல்ஸின் விளிம்பில்தான் நடக்க வேண்டும். ஒரு டைல் நீளம் நடந்து வலப்பக்கம் திரும்பவும். மூன்று டைல் நடந்து வலப்பக்கம் திரும்பவும். ஒரு டைல் நடந்து வலப்பக்கம் திரும்பவும். இந்த மூன்று வரிகளையும் மொத்தம் நான்கு முறை செய்தால் 20 அடி நடந்து, எந்த விளிம்பையும் இரண்டு முறை மிதிக்காமல், தொடங்கிய இடத்துக்கே வந்திருப்பீர்கள். பார்க்கும் திசையும் பழையதே.

நடந்த தடத்தைச் சாக்பீஸால் வரைந்து, முனைகளை வளைவாக்கி, மூலை டைல்கள் நான்கிலும் நடு டைலிலும் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது தலையைச் சற்றுச் சாய்த்து மூலைவாட்டில் பாருங்கள். 1, 3, 1. சிக்குக் கோலம் கற்கிற பெண் குழந்தைக்கு முதலில் சொல்லித் தரும் அந்த மூன்று புள்ளி நேர்ப்புள்ளிக் கோலமேதான். வகுப்பில் ‘லூப்’ என்று சொல்லித் தருவது, ‘இதை நான்கு முறை செய்’ என்ற அந்த ஒரு வரியைத்தான்.

அடுத்த பாடமும் இதிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி இந்தச் சின்னக் கோலங்கள் நான்கை வைத்து, நான்கு இணைப்புக் கோடுகளால் கோத்தால் பெரிய கோலம் வரும். நான்கு இருபது எண்பது, இணைப்பு நான்கு, ஆக 84 அடி, ஒரே கம்பி. அதையே நான்காக வைத்துக் கோத்தால் 340. ஒரு வேலையைச் செய்ய அதே வேலையின் சிறிய வடிவத்தை அழைக்கும் நிரல் என்று கல்லூரியில் இதை விளக்கும்போது முதலாண்டு மாணவர்கள் திணறுவார்கள். கோலமாகப் பார்த்தால் திணற என்ன இருக்கிறது?

சிக்குக் கோலத்தில் இன்னொரு கேள்வி உண்டு. ஒரே கம்பியில் முடியுமா, இல்லை கை எடுத்துப் போட வேண்டுமா? செவ்வகமாகப் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிக்கும் நடுவே கம்பி குறுக்கே போகும் சாதாரணப் பின்னல் என்றால் விடை பள்ளிக் கணக்கில் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கையின் மீப்பெரு பொது வகுத்திதான் கம்பிகளின் எண்ணிக்கை. 2-க்கு 3 புள்ளி என்றால் ஒரே கம்பி. 4-க்கு 6 என்றால் இரண்டு. 3-க்கு 3 என்றால் மூன்று. அங்கோலா நாட்டில் மணலில் புள்ளி வைத்துப் போடும் சோனா என்ற கோலங்களிலும் இதே கணக்கு வருவதை மொசாம்பிக்கில் பணியாற்றிய கணிதர் பாவுலஸ் கெர்டஸ் விரிவாக எழுதியிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளை பத்து பின்னல் போட்டுப் பார்த்தால் இந்த விதியைத் தானாகவே ஊகித்துவிட வாய்ப்பு உண்டு. அதுதான் நிரலாக்கப் பயிற்சி, கணினியை இன்னும் திறக்கவே இல்லை என்றாலும்.

கிஃப்ட் சிரோமணி 1988-இல் காலமானார். அடுத்த ஆண்டு வந்த நினைவு மலரைத் தொகுத்தவர் மேலே சொன்ன அதே நரசிம்மன். ராணி சிரோமணி பிற்காலத்தில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தோடும் இணைந்திருந்தார். அது இருப்பது சிறுசேரியில், நம் குடியிருப்பிலிருந்து தினமும் பலர் வேலைக்குப் போகும் சிப்காட் வளாகத்துக்குள். 2019-இல், தொண்ணூறு வயதில் அவர் மறைந்தார்.

இனி நம் விஷயம். கம்யூனிட்டி ஹாலில் வகுப்பு வைப்பதானால், பாடத்திட்டத்தை முழுக்க வெளியிலிருந்து வாங்க வேண்டாம் என்பது என் யோசனை. ஸ்கிராட்ச்சும் பைத்தானும் இலவசம். பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். சொல்லித்தர ஆள் பஞ்சமில்லை. பஞ்சம் வேறொன்றுக்கு வரப்போகிறது. ஒவ்வொரு தளத்திலும் எத்தனை வாசலில் கையால் போட்ட கோலம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லிப்டை விட்டு இறங்கினால் எதிரே இருப்பது பெரும்பாலும் ஸ்டிக்கர். மார்கழியில் மட்டும் கீழே போட்டிக்காகப் போடுகிறோம், அதிலும் கலர் ரங்கோலிதான் அதிகம். 15 புள்ளிச் சிக்குக் கோலத்தைப் புத்தகம் பார்க்காமல் போடத் தெரிந்தவர்கள் நம் வளாகத்தில் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். அவர்கள் பேரப்பிள்ளைகள் திரையில் ஆமைக்கு வலது இடது சொல்லிக்கொண்டிருக்கும் அதே வீட்டில், அந்த நகர்வுக் கோவை கேட்பாரில்லாமல் போகிறது.

ஆகவே முதல் இரண்டு வகுப்பைப் பாட்டிமார்கள் நடத்தட்டும். ஒவ்வொரு பிள்ளையும் பாட்டியின் கையைப் பார்த்து, அது செய்வதை ‘முன்னே, வலம், இடம், சுற்று’ என்று நோட்டில் எழுத வேண்டும். பாட்டியை நடுவில் நிறுத்தி, “ஏன் இங்கே திரும்பினீங்க?” என்று கேட்கலாம். “அப்படித்தான் வரும்” என்று பதில் வந்தால் விடக் கூடாது, இன்னொரு முறை மெதுவாகப் போடச் சொல்ல வேண்டும். மூன்றாவது வகுப்பில் நோட்டில் எழுதியதைக் கணினிக்குக் கொடுக்கலாம். கோடு தப்பான இடத்துக்குப் போனால் எந்த வரியில் தப்பு என்று பாட்டியும் பேரனும் சேர்ந்து தேடட்டும். ஆண் பிள்ளைகளுக்குக் கோலம் எதற்கு என்று யாராவது கேட்டால், 1974 கட்டுரையின் முதல் ஆசிரியர் கிஃப்ட் சிரோமணி என்று சொல்லிவிடலாம்.

சொல்லித்தர விரும்பும் பெரியவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். அரிசி மாவு சங்கச் செலவில். நடந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 84 அடிக் கோலத்துக்கு ஏழுக்கு ஏழு டைல்ஸ் வேண்டும், ஹாலில் தாராளமாக இடம் இருக்கிறது. 340 அடிக் கோலத்துக்குப் பதினைந்துக்குப் பதினைந்து. அதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம், காலை ஏழு மணிக்குள், துணி காயப்போடுகிறவர்கள் வருவதற்கு முன்.